கறுப்பை விட்டுவையுங்கள்: ஏர்பிரஷ்ஷில் நிஜத் தீ வரையப் புதிதாக வருகிறவர்களுக்கு

காரைக்குடியில் வண்டிகளுக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறை வைத்திருக்கிறேன். தை பிறந்து சிராவயல் மஞ்சுவிரட்டு நெருங்கும் நாட்களில், புல்லட் டேங்க்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தம்பிகள் வருவார்கள். கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான். "அண்ணே, தீ வேணும். ஸ்டிக்கர் மாதிரி வேண்டாம், நிஜமா எரியுற மாதிரி வேணும்." அதே பையன்களில் சிலர் ஆறு மாதம் கழித்து வந்து, "எனக்கும் இதைக் கத்துக் கொடுங்கண்ணே" என்பார்கள். அவர்களிடம் பட்டறையில் நின்று சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வண்டியில் தீ வரைய இரண்டு வழி உண்டு. ஒன்று பழைய பாணி: நாக்கு நாக்காக வடிவம் வெட்டி, உள்ளே மஞ்சளிலிருந்து சிவப்புக்கு நிறத்தை இறக்கி, ஓரத்தில் கோடு இழுப்பது. அதுவும் அழகுதான், ஆனால் அது தீயின் சின்னம். மற்றது, அமெரிக்க ஏர்பிரஷ் ஓவியர் மைக் லவாலியின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் நிஜத் தீ. அதில் ஓரக்கோடே கிடையாது. கறுப்பின் மேல் மெல்லிய படலங்களாக ஏற்றிக்கொண்டே போவது. நாம் பார்க்கப் போவது இந்த இரண்டாவதை.

முதலில் அடுப்புக்கு முன்னால் உட்காருங்கள்

கன்னை, அதாவது காற்றால் பெயின்ட்டைத் தூவும் ஏர்பிரஷ்ஷை, கையில் எடுப்பதற்கு முன் ஒரு வாரம் தீயைப் பாருங்கள். இதைச் சொன்னால் பலருக்குப் பொறுமை இருப்பதில்லை. ஆனால் நான் கற்றதில் பாதி அப்பத்தா வீட்டுப் பின்கட்டில், விறகடுப்புக்கு முன்னால் கற்றது. "அடுப்புல என்னத்தய்யா அப்படிப் பார்த்துக்கிட்டே இருக்க?" என்று கேட்டுக்கொண்டே அப்பத்தா இன்னொரு கருவேலங்கட்டையைச் செருகுவார். புது விறகு பற்றும் அந்த நேரம்தான் பார்க்க வேண்டிய நேரம்.

நம் பக்கம் தீக்குப் பஞ்சமில்லை. கல்யாண வீட்டில் கோட்டை அடுப்பு எரியும். கார்த்திகை அன்று கோயில் வாசலில் சொக்கப்பனை கொளுத்துவார்கள். காய்ந்த பனையோலை ஒரே மூச்சில் பற்றி மேலே பாயும் அந்தத் தீ நீளமானது, கிழிந்து கிழிந்து போவது. விளக்குச் சுடரோ அசையாமல் நிற்கும், அதில் நிற வரிசையை நிதானமாகப் பார்க்கலாம். மூன்றும் மூன்று பாடம். வண்டியில் வரைய விறகுத் தீயும் ஓலைத் தீயும்தான் உதவும்.

என்ன பார்க்க வேண்டும்? விறகுத் தீயின் மஞ்சள், உள்ளே மிதக்கும் நுண்ணிய கரித்துகள்கள் சூடேறி ஒளிர்வதால் வருவது. விளிம்புப் பக்கம் அவை ஆறத் தொடங்க, மஞ்சள் ஆரஞ்சாகும், பிறகு செம்மையாகும், பிறகு ஒன்றுமில்லை. அந்த 'ஒன்றுமில்லை' எங்கே தொடங்குகிறது என்று உங்களால் விரல் வைத்துக் காட்ட முடியாது. ஆத்தங்குடிக் கல் செய்கிறவர் ஒவ்வொரு நிறத்தையும் தகட்டு அச்சின் தனித்தனி அறையில் ஊற்றுவார், ஒன்றோடு ஒன்று கலக்காது. தீயில் அந்த மாதிரி அறையே இல்லை.

இன்னொன்று, இதுதான் முக்கியம். தீ ஒரு கட்டி அல்ல, ஒளி ஊடுருவும் திரைகள். பட்டுத்துணி காற்றில் மடிவதுபோல் அந்தத் திரைகள் மடிகின்றன. இரண்டு திரை ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தில் வெளிச்சம் கூடி, ஒரு பளிச்சென்ற இழை தெரிகிறது. திரைகளுக்கு நடுவே ஓட்டைகள் இருக்கும், அவற்றின் வழியாகப் பின்னால் உள்ள இருட்டு தெரியும். நுனிகள் அறுந்து தனியாக மிதந்து மறையும். இந்த மூன்றையும், அதாவது இழை, ஓட்டை, அறுந்த நுனி ஆகியவற்றைக் கண்ணில் ஏற்றிக்கொண்டால் மீதி எல்லாம் கைப்பழக்கம்.

செல்போனில் படம் எடுத்து வையுங்கள். அப்படியே எடுத்தால் தீ வெள்ளைத் திட்டாக விழும். திரையில் தீயின் மேல் விரலை வைத்து, வெளிச்சத்தைக் கீழே இழுத்துக் குறைத்துவிட்டு எடுங்கள். உள்ளே இருக்கும் மடிப்புகள் அப்போதுதான் தெரியும். ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்து நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது அதைவிட நல்லது.

சாமான்கள்

டபுள் ஆக்‌ஷன் ஏர்பிரஷ், மேலே கிண்ணம் உள்ளது, பெயின்ட் வெளிவரும் நாசில் 0.3 மி.மீ. தொடக்கத்துக்கு இது போதும். 0.2 வாங்கினால் மெல்லிய கோடு வரும் என்று ஆசைப்படுவார்கள். நம் வெயிலில் அது அடைத்துக்கொண்டே இருக்கும், பாதி நாள் சுத்தம் செய்வதிலேயே போய்விடும்.

காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரஸர், காற்றைச் சேர்த்துவைக்கும் டேங்க் உள்ளதாக இருக்கட்டும். டேங்க் இல்லாதது துடித்துத் துடித்துக் காற்று தரும், கோடும் துடிக்கும். அழுத்தத்தைக் குறைத்துக்கூட்டும் ரெகுலேட்டரும், நீரைப் பிடிக்கும் வடிகட்டியும் கட்டாயம். ஓர் ஐப்பசி மாதம், அடைமழையில், முடிந்துபோன தீயின் மேல் ஹோஸிலிருந்து தண்ணீர்த் துளி தெறித்து இரண்டு நாள் வேலை போனது எனக்கு. அதிலிருந்து காலையில் பட்டறை திறந்ததும் முதல் வேலை கம்ப்ரஸர் டேங்க்கின் அடித் திருகைத் திறந்து தண்ணீரை வடிப்பதுதான்.

நிறங்கள் ஐந்து போதும்: மறைக்கும் கறுப்பு, மறைக்கும் வெள்ளை, மறைக்கும் மஞ்சள், அப்புறம் கேண்டி ஆரஞ்சு, கேண்டி மஞ்சள். கேண்டி என்றால் ஒளி ஊடுருவும் நிறம், கண்ணாடிக் காகிதம் போல. கீழே உள்ளதை மறைக்காது, அதற்குச் சாயம் ஏற்றும். பழகும்போது தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வாங்குங்கள். தின்னர் வாடை இல்லை, வீட்டில் திண்ணையில் உட்கார்ந்துகூடப் பழகலாம்.

பெயின்ட் படாமல் ஓரத்தைத் தடுக்கும் மறைப்புத் தகடு ஒன்றிரண்டு வேண்டும். கடையில் விற்கிறது, ஆனால் பழைய எக்ஸ்ரே ஃபிலிம் அதற்கு அருமையான பொருள். கத்தரிக்கோலால் நீண்ட வளைவு, கொக்கி, கண்ணீர்த்துளி என்று நாலைந்து வளைவுகள் வெட்டிக்கொள்ளுங்கள். நேர்கோடு ஒன்றுகூட வேண்டாம்.

முகமூடி: தண்ணீர் பெயின்ட்டுக்கே தூசி முகமூடி போட வேண்டும். தின்னர் பெயின்ட் என்றால் கரிவடிகட்டி உள்ள முகமூடி. எல்லாவற்றுக்கும் மேலே அடிக்கும் நிறமில்லாத பூச்சான டூ-கே கிளியர் வேறு கதை, அதைக் கடைசியில் சொல்கிறேன். தின்னர் அடிக்கும் இடத்தில் விளக்கு, அடுப்பு, சாமிக்கு ஏற்றிய ஊதுவத்தி எதுவும் எரியக் கூடாது.

கைப்பழக்கம்

டபுள் ஆக்‌ஷனில் பொத்தானை அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் பெயின்ட். எப்போதும் காற்று முதலில், பெயின்ட் பிறகு. முடிக்கும்போது பெயின்ட்டை முதலில் நிறுத்தி, காற்றைப் பிறகு விடுங்கள். இது மாறினால் கோட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் குண்டுகுண்டாகப் புள்ளி விழும்.

கறுப்புச் சார்ட் பேப்பர் பத்து வாங்கி, வெள்ளை பெயின்ட்டால் பழகுங்கள். முதலில் புள்ளிகள். அடுத்து ஒரே தடிமனில் கோடு. அதன் பிறகு கத்திபோல் ஒடுங்கும் கோடு: பெருத்த இடத்தில் தொடங்கி, கையை நகர்த்திக்கொண்டே கன்னைப் பேப்பருக்கு நெருக்கி, பெயின்ட்டைக் குறைத்து, ஒன்றுமில்லாமல் முடிப்பது. இந்தக் கோடுதான் தீயின் எழுத்து. இது நூறு முறை சரியாக வந்த பிறகு அதையே வளைத்து, ஆங்கில எழுத்து எஸ் போல நெளித்துப் போடுங்கள். மணிக்கட்டை மட்டும் ஆட்டாதீர்கள், தோளிலிருந்து கை வரட்டும்.

பெயின்ட் பதம் பால் மாதிரி. கிண்ணத்தின் உள்சுவரில் ஒரு சொட்டுத் தள்ளிப் பாருங்கள். மெல்லிய படலம் விட்டு வழிந்து இறங்கினால் சரி, அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றால் கெட்டி, சுவடில்லாமல் ஓடினால் தண்ணீர். அழுத்தம் 20 முதல் 25 பிஎஸ்ஐ. நெருங்கி மெல்லிய இழை போடும்போது 15 அளவுக்குக் குறைத்து, பெயின்ட்டையும் இன்னும் கொஞ்சம் நீர்க்கச் செய்யுங்கள். மெல்லிய இழைக்கு ஒன்றிரண்டு செ.மீ. தூரம், புகைபோல் பரவ எட்டுப் பத்து செ.மீ.

சித்திரை வைகாசியில் இங்கே அக்ரிலிக் ஊசி நுனியிலேயே காய்ந்து கட்டிவிடும். கோடு திடீரென்று நின்று, பிறகு தெறிக்கும். அழுத்தத்தைக் கூட்டுவது தீர்வல்ல. ஈரத் தூரிகையால் நுனியைத் துடையுங்கள், உலர்வதைத் தாமதப்படுத்தும் திரவம் சில சொட்டுக் கலந்துகொள்ளுங்கள், முடிந்தால் காலை ஆறிலிருந்து பத்துக்குள் வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

டேங்க் தயார் செய்தல்

முதல் டேங்க் வாடிக்கையாளருடையதாக இருக்க வேண்டாம். காயலான் கடையில் பழைய டேங்க் ஒன்று கிடைக்கும். பெட்ரோலை முழுவதும் வடித்து, கழுவி, உலர்த்தி, ஆவி முழுக்கப் போனதும் மூடியை அடைத்துவிட்டுத் தொடங்குங்கள். பள்ளங்களுக்குப் பட்டி, தேய்ப்பு, பிரைமர், 600 நம்பர் தண்ணீர் பேப்பர் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்). இது பெயின்ட் வேலை தெரிந்த எவரிடமும் ஒரு நாளில் கற்றுக்கொள்ளக் கூடியது, அதனால் விரிக்கவில்லை.

கறுப்பு அடித்த பிறகு பலர் நேராகத் தீயைத் தொடங்கிவிடுவார்கள். ஒரு படி கூட வையுங்கள்: கறுப்பின் மேல் ஒரு கிளியர் (நிறமில்லாத பூச்சு) பட்டறையில் அடிக்கச் சொல்லி, நன்றாகக் காய்ந்ததும் 800 தண்ணீர் பேப்பரால் பளபளப்புப் போகும்வரை லேசாகத் தேயுங்கள். இனி அக்ரிலிக்கில் தவறு செய்தால் ஈரத்துணியால் உடனே துடைத்துவிடலாம், கறுப்புக்கு ஒன்றும் ஆகாது. புதியவருக்கு இந்தத் தைரியம் பெரிய விஷயம். தேய்த்த பிறகு வெறுங்கையால் தொடாதீர்கள், விரல் எண்ணெய் பட்ட இடத்தில் பெயின்ட் விலகி நிற்கும்.

தீ மூட்டுதல்

நான் முதல் டேங்க்கில் கறுப்பின் மேல் நேராக மஞ்சளை அடித்தேன். மெல்லிய மஞ்சள் கறுப்பின் மேல் விழுந்தால் பச்சையாகத் தெரியும். பச்சையை மறைக்க இன்னும் மஞ்சள், அதை மறைக்க ஆரஞ்சு என்று போய், மாலையில் டேங்க் முழுக்க ஒரு ஆரஞ்சு மூட்டம்தான் இருந்தது. தீயைக் காணோம். திரும்பக் கறுப்புவரை தேய்க்க வேண்டியிருந்தது. அந்த நாளில் புரிந்த இரண்டு விஷயம்: நிறத்துக்கு அடியில் வெள்ளை வேண்டும், வெள்ளைக்குப் பக்கத்தில் கறுப்பு வேண்டும்.

*முதல் சுற்று.* வெள்ளையில் துளி மஞ்சளும் ஆரஞ்சும் கலந்து, சந்தன நிறத்துக்கு வரும்படி செய்துகொள்ளுங்கள். காற்று எங்கிருந்து அடிக்கிறது என்று முடிவு செய்யுங்கள். டேங்க் என்றால் முன்னாலிருந்து பின்னால். முன்பக்கம் அகலமான மங்கிய திரைகள், பின்னால் போகப் போக நீண்ட நெளிகோடுகள். மறைப்புத் தகட்டை மேற்பரப்பில் ஒட்டிப் பிடிக்காமல் நாலைந்து மி.மீ. தூக்கிப் பிடித்து, அதன் விளிம்பின் மேல் அடியுங்கள். ஒரு பக்கம் ஓரளவு கூராகவும் மறுபக்கம் கரைந்தும் நிற்கும், மடிந்த திரை போலவே. உடனே தகட்டைத் திருப்பி, அந்த விளிம்பைக் குறுக்கே வெட்டும்படி இன்னொரு வளைவு. ஒரே தகட்டு வளைவை ஒரே கோணத்தில் இரண்டு முறை பயன்படுத்தாதீர்கள், கண் உடனே பிடித்துவிடும். தகடு பாதி, வெறுங்கை பாதி என்று இருக்கட்டும்.

டேங்க்கில் மூன்றில் இரண்டு பங்காவது இன்னும் கறுப்பாக இருக்கும்போதே நிறுத்துங்கள். கை இன்னும் போட வேண்டும் என்றுதான் சொல்லும். அப்போது கன்னைக் கீழே வைத்துவிட்டு, பத்தடி தள்ளி நின்று பாருங்கள். இந்தக் கட்டத்தில் அது தீயாகத் தெரியாது, புகையாகத் தெரியும், கொஞ்சம் நீலம் பாய்ந்தும் இருக்கும். கறுப்பின் மேல் மெல்லிய வெள்ளை அப்படித்தான் காட்டும். பயப்பட வேண்டாம்.

*கேண்டி ஆரஞ்சு.* எட்டு அங்குலத் தூரத்திலிருந்து, முழுப் பரப்பிலும், மிக மெல்லிய இரண்டு மூன்று பூச்சு. ஒவ்வொன்றும் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகு அடுத்தது. இங்கேதான் மனசு நிறையும். வெளுத்த இடமெல்லாம் தணலாக மாறும், கறுப்பு கறுப்பாகவே நிற்கும். காரணம் எளிது: கேண்டி வழியாக உள்ளே போகும் ஒளி வெளுத்த அடித்தளத்தில் பட்டுத் திரும்பி வரும்போது ஆரஞ்சாக வருகிறது, கறுப்பு அதை விழுங்கிவிடுகிறது. பூச்சு கூடக் கூட நிறம் இருண்டு சிவக்கும். நம் பழைய வீட்டுச் சுவர்களில் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் பல மெல்லிய பூச்சாக ஏறித்தான் அந்த மினுமினுப்பு வந்தது. இதுவும் அந்தப் பொறுமைதான். ஒரே தடித்த பூச்சாக அடித்தால் வழியும், வழிந்த கேண்டி கறைபோல் நிற்கும்.

*இரண்டாம் சுற்று.* மஞ்சளில் பாதி வெள்ளை கலந்துகொள்ளுங்கள். இம்முறை முதல் சுற்றில் போட்ட திரைகளுக்கு உள்ளே, அவற்றில் பாதி அகலத்தில். எல்லா நாக்குக்கும் உள்கோடு போட வேண்டியதில்லை. சிலவற்றை அப்படியே சிவந்த நிலையில் விட்டுவிட்டால் அவை பின்னால் தள்ளிப் போகும், தீக்கு ஆழம் வரும். இந்த ஒரு முடிவில்தான் புதியவரின் தீக்கும் பழகியவரின் தீக்கும் வித்தியாசம் தெரியும். பிறகு கேண்டி ஆரஞ்சு ஒரே ஒரு மெல்லிய பூச்சு.

*மூன்றாம் சுற்று.* சுத்த வெள்ளை, 15 பிஎஸ்ஐ, நெருங்கிய தூரம். இரண்டு திரை சந்திக்கும் மடிப்பில் மட்டும் மயிரிழை. ஒரு டேங்க் பக்கத்துக்குப் பத்துப் பன்னிரண்டு இழைக்கு மேல் தேவைப்படாது. அதன் மேல் கேண்டி மஞ்சள், அந்த இழைகளின் மேல் மட்டும். கேண்டியின் சாயம் சில சமயம் மேலே போட்ட வெள்ளைக்குள் ஊறி ஏறி, வெள்ளை ரோஸாகிவிடும். அப்படி ஆனால் நடுவில் ஒரு மெல்லிய கிளியர் தடுப்பு வைத்துவிட்டு மறுபடி வெள்ளை போடுங்கள்.

*கறுப்பைத் திருப்பிக் கொண்டுவருதல்.* இவ்வளவு அடித்தபின் பெயின்ட் மூட்டம் படிந்து ஓட்டைகள் மங்கியிருக்கும். தூசியைப் பிடிக்கும் பிசுபிசுப்பான ஒட்டுத்துணியால் துடைத்துவிட்டு, நன்றாக நீர்த்த கறுப்பை எடுத்துக்கொண்டு திரைகளுக்கு நடுவே உள்ள இருட்டைத் திரும்ப வெட்டுங்கள். நாக்கின் ஒரு விளிம்பை மட்டும் லேசாக அரித்துவிடுங்கள், நுனியை ஓரிடத்தில் குறுக்கே அறுத்துத் தனியாக மிதக்க விடுங்கள். தீ எரியத் தொடங்குவது இந்தக் கறுப்புச் சுற்றில்தான் என்பது என் அனுபவம். இதற்கு ஒரு மணி நேரம் செலவழியுங்கள்.

பொறி வேண்டுமென்றால் கடைசியில் ஏழெட்டு. தீயின் போக்கிலேயே சிறு கீற்றாக, ஒன்றுக்கொன்று வேறு அளவில். நீல நிறத்தை விறகுத் தீயில் தூவாதீர்கள். நீலம் கேஸ் அடுப்பின் நிறம், விறகில் அது அடியில் ஒரு கோடாகத்தான் தெரியும், ஓடுகிற வண்டியில் தெரியவே தெரியாது.

கிளியர்

அக்ரிலிக் முழுக்கக் காய ஒரு நாள் விடுங்கள். ஈரம் மிச்சமிருந்தால் மேலே அடிக்கும் கிளியர் கொப்புளிக்கும்.

பெட்ரோல் படும் டேங்க்குக்கு, இறுகவைக்கும் ஹார்டனர் கலக்கும் டூ-கே கிளியர்தான் தாங்கும். அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அதன் நுண்துளி மூச்சில் போனால் ஆஸ்துமா வரலாம், ஒரு தடவை உடம்பு அதற்கு எதிராகத் திரும்பிவிட்டால் பிறகு சிறு அளவுகூட ஆகாது. அதன் வாடையை வைத்து ஆபத்தைக் கண்டுபிடிக்கவும் முடியாது. வெளியிலிருந்து சுத்தக் காற்று குழாயில் வரும் முகமூடியும், காற்றை வெளியேற்றும் பெயின்ட் பூத்தும் இல்லாமல் இதை அடிக்காதீர்கள். வீட்டு வளவு (நடுமுற்றம்) மேலே திறந்திருக்கிறதே, அங்கே அடிக்கலாமா என்று ஒரு தம்பி கேட்டான். கூடாது. சுற்றிலும் அறைகள், உள்ளே பிள்ளைகள், பெரியவர்கள். உங்களிடம் வசதி இல்லையென்றால் தீயை மட்டும் நீங்கள் வரைந்துவிட்டு, பூத் வைத்திருக்கும் பட்டறையில் கிளியருக்குக் கொடுத்துவிடுங்கள். நானே முதல் மூன்று வருடம் அப்படித்தான் செய்தேன்.

கொடுக்கும்போது ஒன்று சொல்லி அனுப்புங்கள்: முதல் பூச்சு தூவலாக, மெல்லியதாக. நேராக ஈரமாக அடித்தால் கேண்டி இழுபட்டு இழைகள் கலங்கும். மழை நாளில் அடிக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். காற்றில் ஈரம் மிகுந்தால் கிளியருக்குள் பால் போன்ற வெள்ளைப் படலம் தங்கிவிடும், கறுப்புப் பின்னணியில் அது அப்பட்டமாகத் தெரியும்.

கேனில் போட்டிருக்கும் நாள் கணக்குப்படி கிளியர் இறுகிய பிறகு 2000 தண்ணீர் பேப்பர், பாலிஷ். அதுவரை டேங்க்கில் பெட்ரோல் ஊற்றாதீர்கள். இடையில் கன்னைப் பிரித்துக் கழுவி, ஊசியை மெல்ல வெளியே இழுத்துத் துடைத்து, நுனி வளையாமல் திரும்பப் போட்டு வையுங்கள். டேங்க்கை வண்டியில் மாட்டியதும் முதலில் உச்சி வெயிலில் பாருங்கள், பிறகு இரவில் தெருவிளக்கின் கீழே பாருங்கள். கேண்டி இரண்டு இடத்திலும் இரண்டு விதமாகப் பேசும். எங்கே கறுப்பு குறைந்திருக்கிறது என்பதை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு, அடுத்த காயலான் கடை டேங்க்கை எடுங்கள்.